ஓப்பன் பில்டர் போட்ட வண்டி ஏன் கத்துது?
பழைய சரக்கு வண்டிகளின் ஏர் இன்டேக் சத்தமும், அதை அடக்கும் வழியும்

ஒரு டி-சர்ட் தைச்சு முடியறதுக்குள்ள எத்தனை தடவை வண்டி ஏறி இறங்குதுன்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா? நூல் வந்து நிட்டிங் யூனிட்ல இறங்கும். அங்கிருந்து துணி ரோலாக டையிங்குக்குப் போகும். அப்புறம் காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங். நம்ம ஊரில் இது எல்லாமே ஒரே கூரைக்குக் கீழே நடக்கிற கம்பெனிகள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் ஜாப் ஒர்க். ஒரு கட்டிடத்துக்கும் அடுத்த கட்டிடத்துக்கும் நடுவில் கன்வேயர் பெல்ட் மாதிரி ஓடுவது குட்டியானையும், தோஸ்தும், பிக்கப்பும், பழைய 407-ம்தான்.

டாடா 407 வந்தது 1986-ல். நாம குட்டியானைன்னு கூப்பிடுற டாடா ஏஸ் 2005-ல். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல். இந்த மூணு வண்டியிலும் பழைய மாடல்கள் இன்னும் நம்ம ரோட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஓனரே டிரைவராக இருக்கிற வண்டிகள் இதில் நிறைய. இன்ஜின் ஒரு வாரம் பிரிச்சுக் கிடந்தா அந்த வாரம் வீட்டுக்கு வருமானம் கிடையாது.

இப்படிப்பட்ட வண்டிகளில் கம்பெனி கொடுத்த ஏர் பில்டர் டப்பாவைக் கழட்டிவிட்டு, வெளியில் வாங்கின கோன் பில்டர் ஒன்றை மாட்டி ஓட்டுவதைப் பார்க்கலாம். காரணம் கேட்டா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "ஒரிஜினல் டப்பா உடைஞ்சு போச்சுங் தம்பி, புதுசு கிடைக்கல." இன்னொண்ணு, "காத்து நல்லாப் போனா வண்டி நல்லா இழுக்குமுங்." மாட்டின கொஞ்ச நாளிலேயே அடுத்த புலம்பல் ஆரம்பிக்கும்: கேபினுக்குள்ள பூம்னு ஒரு சத்தம், காது அடைக்குது, பக்கத்துல இருக்கிறவர் பேசுறது கேக்கல.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருது, எப்படிக் கண்டுபிடிக்கிறது, கம்மி செலவில் எப்படிச் சரி பண்றது என்பதுதான் இந்தக் கட்டுரை. தெர்மலும் அக்கவுஸ்டிக்ஸும் பரீட்சைக்கு மட்டும் படிச்ச பாடம்னு நினைச்சவங்களுக்கு இதில் ஒரு நல்ல பிராக்டிகல் இருக்கு.

காத்து உறிஞ்சறதுல சத்தம் எப்படி?

புகை போற பக்கம் சத்தம் வரும்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்குத்தான் சைலன்சர். காத்து உள்ள போற பக்கமும் சத்தம் வரும். இன்லெட் வால்வு திறந்ததும் பிஸ்டன் கீழே இறங்கி காத்தை வெடுக்கென்று இழுக்கிறது. அந்த இழுப்பு ஒரு அழுத்த அலையாக மாறி, இன்டேக் பைப் வழியாக ஒலியின் வேகத்தில் வெளியே ஓடி வருகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை இப்படி இழுக்கும். இந்த அலைகள் வரிசையாக வந்து பைப் வாயில் மோதுவதுதான் நாம் கேட்கும் சத்தம்.

இதன் அதிர்வெண்ணைக் கணக்குப் போடுவது சுலபம். ஆர்பிஎம்மை 60-ஆல் வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கினால் போதும். நாலு சிலிண்டர் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்மில் ஓடினால் 30 × 2 = 60 ஹெர்ட்ஸ். மூணு சிலிண்டர் தோஸ்த் 2,000-ல் ஓடினால் 50 ஹெர்ட்ஸ். ரெண்டு சிலிண்டர் குட்டியானை 2,400-ல் ஓடினால் 40 ஹெர்ட்ஸ். எல்லாமே அடித்தொண்டைச் சத்தங்கள்.

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ளும். அது இந்த அலைகளுக்குப் பாதிக் கதவு மாதிரி. பழைய டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் அந்தத் தகடே இல்லை. டீசல் அளவைத்தான் பம்ப் கூட்டும், குறைக்கும். காத்து எப்போதும் முழு வாயில் போகும். அதனால் லோடு இல்லாமல் ஓடினாலும் இன்டேக் சத்தம் குறையாது.

டர்போ இருக்கிற பிக்கப், தோஸ்த் மாதிரி வண்டிகளில் கம்ப்ரசர் நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்த பூம் சத்தத்தை ஓரளவு உடைத்துவிடும். அங்கே ஓப்பன் பில்டர் போட்டால் டர்போவின் விசிலும் உஸ்ஸென்ற இரைச்சலும்தான் பெரிதாகக் கேட்கும்.

அந்த பிளாஸ்டிக் டப்பா சும்மா இல்லை

கம்பெனி கொடுத்த ஏர் பில்டர் டப்பாவைப் பார்த்தால் பேப்பர் பில்டரை மூடி வைக்கிற வெறும் பெட்டி மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு சைலன்சர். குறுகலான பைப்பில் வரும் அலை திடீரென்று பெரிய அறைக்குள் நுழைந்தால் அதன் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். மறுபடி அறையிலிருந்து குறுகலான வாய்க்குள் நுழையும்போது இன்னொரு பகுதி திரும்பும். வெளியே வருவது மிச்சம்தான்.

சில வண்டிகளில் பைப்புக்குப் பக்கவாட்டில் எங்கேயும் போகாத ஒரு காலி டப்பா ஒட்டியிருக்கும். "இது எதுக்குன்னே தெரியல" என்று முதலில் தூக்கி எறியப்படுவது இதுதான். இதற்குப் பேர் ரெசனேட்டர். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியை ஆராய்ந்த காலத்திலிருந்து வரும் யோசனை. காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி வரும் இல்லையா? கழுத்தில் இருக்கும் காத்து எடைக்கல் மாதிரியும், வயிற்றில் இருக்கும் காத்து ஸ்பிரிங் மாதிரியும் வேலை செய்யும். இன்டேக் பைப்பில் அந்த பாட்டிலை ஒட்டி வைத்தால், அதே சுருதியில் வரும் சத்தத்தை மட்டும் பாட்டில் எதிர்த் திசையில் ஆடி அமுக்கிவிடும்.

டப்பாவையும் ரெசனேட்டரையும் கழட்டிவிட்டு கோன் பில்டர் மட்டும் மாட்டினால், சைலன்சர் இல்லாமல் ஓட்டுவதற்கு ஈடான காரியத்தை முன்பக்கத்தில் செய்கிறோம்.

எந்தச் சத்தம், எந்தக் கோளாறு?

வண்டி கத்துதுன்னு பொதுவா சொன்னா பத்தாது. எப்படிக் கத்துதுன்னு கேக்கணும்.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் "பூம்" என்று கேபின் அதிர்ந்து, அதைத் தாண்டியதும் குறைந்தால் அது பைப் ரெசனன்ஸ்.

எல்லா வேகத்திலும் "உஸ்ஸ்" என்றால் ஓப்பன் பில்டரின் இயல்பான இரைச்சல், அல்லது பில்டருக்குப் பின்னால் ஹோஸில் வெடிப்பு.

மெல்லிசான விசில், ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடினால் கிளாம்பில் சின்ன இடைவெளி. டர்போ வண்டியாக இருந்தால் டர்போவுக்குப் பின்னால் உள்ள ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். அங்கே லீக் இருந்தால் ஜாயின்ட்டைச் சுற்றி எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டியிருக்கும்.

"கடகட" என்றால் பைப் பாடியில் உரசுகிறது, அல்லது டப்பாவைக் கழட்டும்போது பிராக்கெட்டும் ரப்பர் புஷ்ஷும் போய்விட்டன.

சைரன் மாதிரி ஊளை, அதோடு உலோகம் உரசும் சத்தம் வந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அது டர்போ பேரிங்காக இருக்கலாம்.

போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்று போட்டுக்கொண்டால் வேலை இன்னும் சுலபம். போன் மைக் டெசிபெல் அளவைச் சரியாகச் சொல்லாது. அதிர்வெண்ணை நம்பலாம். எந்த ஹெர்ட்ஸில் உச்சம் தெரிகிறதோ, அதுதான் நாம் பிடிக்க வேண்டிய ஆள். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத பழைய வண்டியில், மேலே சொன்ன சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு ஆர்பிஎம்மைக் கூடக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

டர்போ இல்லாத பழைய 407 ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு சிலிண்டர், மூணு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான இன்ஜின். கோன் பில்டரை முன்பக்க கிரில் அருகில் வைக்க 1.1 மீட்டர் பைப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் இருக்கும் பைப்பின் இயல்பு அதிர்வெண், ஒலியின் வேகத்தை நாலு மடங்கு நீளத்தால் வகுத்தால் வரும். நம்ம ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 350-ஐ 4.4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 80 ஹெர்ட்ஸ். நாலு சிலிண்டர் இன்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் ஓடும்போது வரும் அலையும் 80 ஹெர்ட்ஸ். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கேபின் பூம் என்று அதிரும். உண்மையான பைப்பில் வளைவுகளும் மேனிஃபோல்டும் இருப்பதால் கொஞ்சம் முன்னே பின்னே வரும், ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

பைப்பை 20 செ.மீ. குறைத்தால்? 350-ஐ 3.6-ஆல் வகுத்தால் 97 ஹெர்ட்ஸ். அது வர 2,900 ஆர்பிஎம் வேண்டும். லோடு அடிக்கிற அந்த இன்ஜின் சாதாரணமாக அங்கே போவதில்லை. அலையின் இரண்டாம் ஹார்மோனிக் 1,450 பக்கத்தில் லேசாகத் தலைகாட்டும், ஆனால் அதன் வலு குறைவு. ஒரு ஹேக்ஸா பிளேடு செலவில் பாதிச் சத்தம் போய்விட வாய்ப்பு உண்டு.

பைப்பைக் குறைக்க இடம் இல்லையென்றால் ரெசனேட்டர். உள்விட்டம் 40 மி.மீ., நீளம் 10 செ.மீ. உள்ள கழுத்து, அதன் முனையில் 4.7 லிட்டர் மூடிய பெட்டி. கழுத்தின் இரு முனையிலும் சேர்ந்து ஆடும் காத்துக்காக 3 செ.மீ. கூட்டி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூத்திரத்தில் போட்டால் சரியாக 80 ஹெர்ட்ஸ் வரும். போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 5 லிட்டர் ஆயில் கேன் அளவுதான். ஆனால் ஆயில் கேனையே மாட்டக்கூடாது. சுவர் மெல்லிசாக இருந்தால் அதுவே ஆடி டியூனிங்கைக் கெடுக்கும், சூட்டில் இளகவும் செய்யும். தகரத்தில் மடித்து வெல்டு வைப்பதுதான் நல்லது. மாட்டும் இடம் பில்டருக்கு முன்னால், அதாவது தூசிக் காத்து வரும் பக்கம். பின்னாளில் அந்த ஜாயின்ட் லீக் ஆனாலும் தூசி நேராக இன்ஜினுக்குள் போகாது.

பானெட்டுக்குக் கீழே ஸ்பாஞ்ச் ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டருக்கு மேல். ஒரு இஞ்ச் ஸ்பாஞ்ச் அதை ஒன்றும் செய்யாது. உஸ்ஸென்ற உயர் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், எண்ணெயும் பஞ்சும் குடித்த ஸ்பாஞ்ச் சூடான மேனிஃபோல்டு பக்கத்தில் இருப்பது நெருப்புக்கு அழைப்பு வைக்கிற மாதிரி.

சத்தத்தை விடப் பெரிய பிரச்சினை

இவ்வளவு நேரம் காதைப் பற்றிப் பேசினோம். பர்ஸைக் கடிப்பது வேறொன்று.

நம்ம 407 இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிஷத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காத்தை இழுக்கும். மணிக்கு 150 கன மீட்டர். கணக்குக்காக ஒரு கன மீட்டரில் 1 மில்லிகிராம் தூசி என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேரத்தில் 1,200 மில்லிகிராம் தூசி பில்டர் வாசலுக்கு வரும். 99 சதவீதம் பிடிக்கிற பில்டர் 12 மில்லிகிராமை உள்ளே விடும். 95 சதவீதம் பிடிக்கிற பில்டர் 60 மில்லிகிராமை விடும். மார்க் ஷீட்டில் 99-க்கும் 95-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. லைனரில் ஐந்து மடங்கு தெரியும்.

நம்ம ஊர்த் தூசியில் ரெண்டு வகை. நிட்டிங் யூனிட் வாசலில் பறக்கிற பஞ்சு ஒன்று. அது மென்மையானது, இன்ஜினைக் கீறாது. ஆனால் பில்டர் மேல் போர்வை மாதிரி படர்ந்து காத்தை அடைக்கும். வண்டி கரும்புகை தள்ளும், இழுவை குறையும். இன்னொன்று ரோட்டு மண்ணில் உள்ள சிலிகா. குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7, லைனர் வார்ப்பிரும்பை விடக் கடினம். 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள துகள்கள் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஆயில் படலத்துக்குள் புகுந்து ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிறகு ஆயில் குடிக்கும், கம்ப்ரஷன் போகும், கடைசியில் இன்ஜின் இறங்கும்.

அதற்காகத்தான், சத்தத்தைத் தேடும்போதே தூசி லீக்கையும் தேட வேண்டும். அதற்கான கருவி நம்ம ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது: வெள்ளை பனியன் வேஸ்ட். இன்ஜினை நிறுத்தி, பில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கழட்டி, உள்பக்கம் ஒரு துடைப்பு. துணி சுத்தமாக வந்தால் சரி. சாம்பல் நிறத்தில் நறநறவென்று வந்தால் பில்டர் விடுகிறது, அல்லது ஜாயின்ட் விடுகிறது. துடைத்த துணியின் நூல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீக் தேடுகிறேன் என்று ஓடுகிற டீசல் இன்ஜினின் இன்டேக்கில் கார்புரேட்டர் கிளீனர் மாதிரி எரியக்கூடிய ஸ்பிரே எதையும் அடிக்கவே கூடாது. டீசல் இன்ஜின் அதையும் எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பித்துவிடும்.

பில்டருக்கு "ஏர் அடிக்கிற" பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனியன் கம்பெனியில் மெஷினுக்கு ஏர் அடிக்கிற அதே கன்னை, அதே பிரஷரில் பேப்பர் பில்டர் மேல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். அடித்தே ஆக வேண்டும் என்றால் பிரஷரை 2 பாருக்குக் குறைத்து, கன்னைத் தள்ளிப் பிடித்து, உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். ஓரிரு தடவைக்கு மேல் அதையும் நம்பாமல் புதுசு மாற்றுவது லாபம்.

அப்போ இழுவை? மைலேஜ்?

பழைய டீசலில் பவரை முடிவு செய்வது பம்ப் அனுப்பும் டீசல். அடைப்பு இல்லாத ஒரிஜினல் பில்டரே தேவையான காத்தைக் கொடுத்துவிடும். ஓப்பன் பில்டர் பானெட்டுக்குள்ளேயே உட்கார்ந்தால் ரேடியேட்டர் சூட்டைக் குடிக்கும். வெளிக்காத்து 30 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காத்தின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். அதிகமாகக் காத்து வேண்டும் என்று மாட்டினது, குறைவான காத்தைக் கொடுக்கும். சத்தம் கூடினதால் வண்டி வேகமாக இழுக்கிற மாதிரி ஒரு பிரமை மட்டும் மிச்சம்.

சரி பண்ணும் வரிசை

முதலில் ஒரிஜினல் டப்பாவைத் தேடுங்கள். காயலான் கடையில் அதே மாடலின் முழு செட், அதாவது டப்பா, வாய்க்குழாய், ரெசனேட்டர், பிராக்கெட் எல்லாம் சேர்த்து கிடைத்தால் மேலே போட்ட கணக்கு எதுவுமே தேவையில்லை. புது பேப்பர் பில்டர் மட்டும் வாங்கினால் போதும். டப்பா மூடியின் ரப்பர் பீடிங் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள்.

கிடைக்கவில்லையென்றால் கோன் பில்டரைச் சுற்றித் தகரப் பெட்டி ஒன்று கட்டுங்கள். இடம் விடுகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். வெளிக்காத்து வர ஒரு வாய்க்குழாய், அதன் விட்டம் ஒரிஜினல் குழாயை விடக் குறையக்கூடாது. வாய், மழைத் தண்ணியும் டயர் தூசியும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். லோடு இறக்குகிற பக்கம் பார்த்து இருந்தால் பஞ்சு முழுவதும் அங்கேதான் போகும்.

மூன்றாவது, வீட்டு வயரிங் பிவிசி பைப்பை இன்டேக்குக்குப் போடாதீர்கள். 80 டிகிரி பக்கத்தில் அது இளகும், உடைந்தால் சில்லு உள்ளே போகும். ரப்பர் எல்போ, நல்ல கிளாம்ப், ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட். இதிலேயே விசிலும் கடகடவும் போய்விடும்.

இதெல்லாம் முடித்த பிறகும் ஒரு வேகத்தில் பூம் மிச்சம் இருந்தால், கடைசியாகப் பைப் நீளத்தை மாற்றுவது அல்லது ரெசனேட்டர்.

இதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 190(2) பிரிவின்படி சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்கு நிற்க வேண்டும். சத்தத்தோடு கரும்புகையும் சேர்ந்தால் அங்கே கேள்வி வரும். ராத்திரி 10 மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதிக்கான எல்லை 45 டெசிபெல்தான். ஷிப்மென்ட் நெருக்கடியில் நள்ளிரவில் சந்துக்குள் லோடு எடுக்க வருகிற வண்டிக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும் ஒரு கணக்கு.

டிரைவரின் காது அதை விடப் பெரிய கணக்கு. 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காலப்போக்கில் கேட்கும் திறன் குறையும் என்று தொழில் சுகாதார வழிகாட்டுதல்கள் எச்சரிக்கின்றன. போன காது திரும்பி வராது, அதற்கு ஸ்பேர் பார்ட்ஸும் கிடையாது.

மெக்கானிக்கல் மக்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டிலோ, சொந்தத்திலோ வண்டி வச்சிருக்கிற அப்பா, மாமா, சித்தப்பா யாராவது இருப்பாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டும் போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப்பும் எடுத்துக்கிட்டுப் போங்க. ஹோஸைத் துடைச்சுப் பாருங்க, உச்சம் எத்தனை ஹெர்ட்ஸ்னு குறிங்க, பைப் நீளத்தை அளங்க. மூணு வண்டியில் இதைச் செஞ்சு பாத்தீங்கன்னா ஒரு நல்ல மினி புராஜெக்ட் ரெடி. அந்த வண்டி ஓனருக்கு ஒரு ரீபோர் செலவும் மிச்சம்.